மீனுக்கு நோயா? தண்ணீரை விசாரியுங்கள்

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டைப் பார்ப்பார்கள், ஆட்டைப் பார்ப்பார்கள், கோழிக்கும் நாய்க்கும் ஊசி போடுவார்கள். முப்பது ரூபாய் மீனைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கும் தைரியம் எந்தப் பிள்ளைக்கும் வருவதில்லை. அந்த வழக்கு நேராக அறிவியல் ஆசிரியரிடம்தான் வந்து சேர்கிறது. “சார், எங்க வீட்டு மீன் சாஞ்சு சாஞ்சு நீந்துது. பொழைக்குமா?” இந்தக் கேள்வி வராமல் எனக்கு ஒரு பருவம் கழிவதில்லை. வண்ண மீன் இன்று வசதியானவர்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருக்கும் பொருளல்ல. வாரச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் ஃபைட்டரும் பையில் கட்டித் தொங்குகின்றன. வாங்குவது எளிது. அதன் பிறகுதான் பாடு.

வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான். “செத்தா தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிக்கலாம், விடு.” விலையை மட்டும் பார்த்தால் அது சரியான கணக்கு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுதான் தன் பொறுப்பில் வந்த முதல் உயிர். அது முடங்கிக் கிடக்கும்போது காரணத்தைத் தேடுவதா, கடைக்குப் போய் மாற்று வாங்குவதா என்பதை அந்தப் பிள்ளை யாரையாவது பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். பள்ளியில் மீன் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் நான் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

மீனைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. தொட்டி எவ்வளவு பெரியது, அதில் எத்தனை மீன், வாங்கி எத்தனை நாள், என்ன தண்ணீர், எப்படி மாற்றுகிறீர்கள், என்ன தீனி என்று கேட்பேன். வரும் பதிலை ஏறக்குறைய மனப்பாடமாகவே சொல்லிவிடலாம்: “ஒரு கண்ணாடி பவுல் சார். நாலு கோல்டு ஃபிஷ். போன ஞாயித்துக்கெழம வாங்கினோம். பைப்புத் தண்ணி. டெய்லி முழுசா கொட்டிட்டு சோப்புப் போட்டுக் கழுவி மாத்துறோம். தீனி காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், தம்பி வேற நடுவுல போடுவான்.” இந்தப் பதிலிலேயே நோய் முழுவதும் இருக்கிறது. மீனைப் பார்க்கவே தேவையில்லை.

மீன் உண்ணும் உணவில் உள்ள புரதம் செரித்த பின் மிஞ்சும் நைட்ரஜன் கழிவை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். மீன் அவ்வளவு சிரமப்படுவதில்லை. அம்மோனியாவாகவே, பெரும்பகுதியைச் செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். ஐந்து லிட்டர் பவுலில் அது எங்கே போகும்? மீன் தன் கழிவையே மறுபடி மூச்சில் இழுக்கிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகி அதே அம்மோனியாவைச் சேர்க்கிறது. செவுள் சிவந்து புண்ணாகும். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இல்லையென்றால் ஒரு மூலையில் அடியில் போய்க் கிடக்கும். பிள்ளைகள் இதைத்தான் “காய்ச்சல் மாதிரி இருக்கு சார்” என்கிறார்கள்.

பழகிய தொட்டியில் இந்த நஞ்சை எடுக்க ஆளிருக்கிறது. பாடத்தில் நைட்ரஜன் சுழற்சியில் நாம் படம் போட்டு நடத்தும் அதே நைட்ரோசோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினால் அதுவும் குறைந்துவிடும். நடுவில் வரும் நைட்ரைட்தான் மோசமானது. அது மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. இரத்தம் பழுப்பு நிறமாகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இந்த பாக்டீரியாக்கள் எங்கே குடியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். தண்ணீரில் மிதப்பவை குறைவு. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியில் பரப்பிய கூழாங்கற்களிலும் ஒட்டிப் படலமாக வளர்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீன் வாங்கிய முதல் மாதத்திலேயே அதிகம் சாவதற்கு இதுதான் காரணம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு துடைக்கும் அக்கறையோடு கல்லை வெயிலில் காயவைத்து, ஸ்பாஞ்சைச் சோப்பில் அலசி, தொட்டியைப் பளிச்சென்று ஆக்கும் அம்மாக்கள் அந்தப் படலத்தைத்தான் ஒவ்வொரு வாரமும் கழுவிக் கொட்டுகிறார்கள். அழுக்குத் தெரிந்த தொட்டியில் மீன் பிழைத்து, சுத்தமான தொட்டியில் செத்துப்போகும் விந்தை இதனால்தான். ஸ்பாஞ்சை அலச வேண்டியிருந்தால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் போகாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அம்மோனியம் அயனி அவ்வளவு தீங்கில்லை. அயனியாகாத அம்மோனியாதான் செவுளுக்குள் நுழையும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பி.எச் மதிப்பு தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச் 7 என்றால் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நச்சு வடிவம் இருக்கும். பி.எச் 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு. வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். ஒரே அளவு தீனி, ஒரே எண்ணிக்கை மீன். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள வீட்டில் சாகிறது, பக்கத்துத் தெருவில் பிழைக்கிறது என்றால் ராசி என்று சொல்லாமல் லிட்மஸ் தாளை எடுக்கலாம். லிட்மஸ் போதாது, நிறமாலைப் பட்டையோடு வரும் பி.எச் தாள் வேண்டும். அது பல பள்ளி ஆய்வகங்களில் இருக்கிறது.

ஆகவே எந்த நோயாக இருந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் அதைத் தாராளமாகத் தாங்கும். தண்ணீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துவிட்டு, பக்குவப்படுத்திய தண்ணீரை அதே வெப்பநிலையில் மெதுவாக ஊற்றுங்கள். ஏர் பம்ப் இருந்தால் இரவும் பகலும் ஓடட்டும். மறுநாளும் இதையே செய்யுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. நோயில் கிடக்கும் மீனுக்கு அந்த அதிர்ச்சியே போதும். என்னிடம் வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் இந்தப் படியிலேயே தேறிவிட்டன. மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

பக்குவப்படுத்திய தண்ணீர் என்றேன். நகராட்சிக் குழாய் நீரில் கிருமி நீக்கக் குளோரின் இருக்கும். நமக்கு நல்லது; மீனின் செவுளுக்கும் நம் பாக்டீரியாக்களுக்கும் ஆகாது. வாயகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சொட்டு மருந்தைக் கலக்கலாம். அது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்தான். வேதியியல் ஆசிரியர்களுக்கு ‘ஹைப்போ’ என்ற பெயரில் பழக்கமான உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்று நிம்மதியாக உடனே ஊற்றிவிடாதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும் அந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டைஆக்சைடு கூடுதலாகவும் இருக்கலாம். அதையும் ஓர் இரவு வாளியில் வைத்து, செம்பால் மொண்டு உயரத்திலிருந்து நாலு முறை ஆற்றிவிட்டு ஊற்றுவது நல்லது. டீ ஆற்றுவது போலத்தான்.

நம் கோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. மீனோ சூழலுக்கேற்ப உடல் வெப்பம் மாறும் உயிரி. வெயில் ஏற ஏற அதன் வளர்சிதை மாற்றம் கூடி ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் நண்பகல் மின்வெட்டு வந்தால் நெரிசலான தொட்டி முதலில் மாட்டிக்கொள்ளும். அப்போது ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். கண்ணாடி மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியைக் கட்டினால் மீனும் குதிக்காது, நீரும் ஆவியாகித் தொட்டி குளிரும், மண்பானையின் தத்துவம்தான். குளிர்விக்கிறேன் என்று ஐஸ் கட்டியைப் போடக் கூடாது.

மேலே வந்து காற்றை விழுங்கும் மீனெல்லாம் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தமில்லை. ஃபைட்டர் மீனுக்குத் தலைக்குள் லேபிரிந்த் என்ற தனி உறுப்பு இருக்கிறது. அது இயல்பாகவே மேலே வந்து காற்றிலிருந்தும் சுவாசிக்கும். அதை வைத்துப் பயந்து மருந்து ஊற்றிவிட வேண்டாம். கோல்டு ஃபிஷ் அப்படிச் செய்தால்தான் கவனிக்க வேண்டும்.

தனித் தொட்டியும் கல் உப்பும்

தண்ணீர் சரியான பிறகும் மீன் தேறவில்லை, அல்லது உடம்பில் காயம் இருக்கிறது என்றால் அதைத் தனியே வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும் வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டி. சோப்பு படாததாக இருக்க வேண்டும். கல், மணல் எதுவும் வேண்டாம். கழிவு பளிச்சென்று தெரியும். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று கிடைத்தால் பாக்டீரியாவோடு சேர்த்துக் கிடைத்த மாதிரி. ஒளிந்துகொள்ள உடைந்த சிறு மண்சட்டி ஒன்று. மேலே வலை. வீட்டின் அதிகம் நடமாட்டமில்லாத மூலை. பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்துவதுதான் இதில் கடினமான வேலை.

மீனைப் பிடிக்கும்போது வறண்ட கை கூடவே கூடாது. அதன் உடம்பிலுள்ள வழவழப்பு வெறும் அழுக்கல்ல. கிருமியைத் தடுக்கும் முதல் அரண். நனைந்த கையாலோ, இன்னும் நல்லது தண்ணீரோடு சேர்த்து ஒரு கிண்ணத்தாலோ மொள்ளலாம். குதித்துத் தரையில் விழுந்த மீனுக்கும் இதுதான். தூசியைத் துடைக்க முயலாமல் அப்படியே நீரில் விட்டால் போதும். மிச்சத்தை அதுவே உதிர்த்துக்கொள்ளும்.

இப்போது உப்பு. மீன் மருத்துவத்தில் மிக மலிவானதும், நாம் வகுப்பில் சவ்வூடு பரவல் நடத்தும்போது கையில் எடுக்க வேண்டியதும் இதுதான். நன்னீர் மீனின் உடல் திரவத்தின் செறிவு, லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக் கரைசலுக்கு நிகரானது. மருத்துவமனையில் நமக்கு ஏற்றும் 0.9 விழுக்காடு சலைனை நினைத்துக்கொள்ளுங்கள். அது வாழும் தண்ணீரிலோ உப்பு மிகக் குறைவு. ஆகவே செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் நீர் ஓயாமல் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கிறது. உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. மீன் நாள் முழுவதும் நீர்த்த சிறுநீரை வெளியேற்றியபடி, செவுளால் உப்பைத் திரும்ப இழுத்தபடி இந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிக அரிது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

செதில் பெயர்ந்து காயம் பட்டால் அந்த இடம் ஓட்டையான படகு போல. உள்ளே வரும் நீர் கூடுகிறது. உப்பு இழப்பும் கூடுகிறது. மீன் தன் சக்தியையெல்லாம் நீரை இறைக்கவே செலவிடும். நாம் தொட்டியில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல் உப்பைக் கரைத்தால் உள்ளுக்கும் வெளிக்குமான வேறுபாடு குறைகிறது. வேலைச் சுமை இறங்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழைவதையும் தடுக்கிறது. ஒரு குவளையில் கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். கெளுத்தி இனத்தைப் போன்ற செதிலில்லா மீன்களுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் உப்பு ஆகாது என்பதால்தான் தனித் தொட்டி.

இங்கே ஒரு நல்ல கணக்கு கிடைக்கும். பத்து லிட்டரில் 20 கிராம் உப்பு போட்டோம். நான்கு லிட்டரை எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்றினால் எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டும்? எட்டு கிராம். ஒரு லிட்டர் ஆவியாகிக் குறைந்து, அதை நிரப்பினால்? ஒன்றும் சேர்க்கக் கூடாது. ஆவியானது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லும் வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. மீனின் உயிர் அந்த விடையில் இருக்கிறது என்று தெரிந்தால், விகிதக் கணக்கில் ஆர்வமில்லாதவர்களும் பென்சிலை எடுக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டில், ஃபைட்டரையும் டைகர் பார்ப் மீன்களையும் ஒரே தொட்டியில் விட்டிருந்தார்கள். டைகர் பார்ப் அழகானது, ஆனால் நீண்ட துடுப்பைக் கண்டால் கடிக்காமல் இருக்காது. ஃபைட்டரின் வால் கிழிந்து நாராகி, ஓரம் வெளுத்து அழுக ஆரம்பித்திருந்தது. துடுப்பழுகல் என்பது இதுதான். தண்ணீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள், காயமும் கெட்ட நீரும் சேர்ந்து கிடைக்கும்போது உள்ளே நுழைகின்றன. தனித் தொட்டி, லிட்டருக்கு 2 கிராம் உப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம், இவ்வளவுதான் சொன்னேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன்: தினமும் மாலை அதே நேரத்தில் வாலின் ஓரத்தை நோட்டில் வரைய வேண்டும், செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுத வேண்டும்.

முதல் நான்கு நாள் படங்களில் வால் குறைந்துகொண்டே வந்தது. “சார், நான் சரியா செய்யலையா?” என்று கேட்டாள். அழுகிய பகுதி உதிர்ந்துதான் ஆக வேண்டும், எண்ணிக்கை கூடாமல் இருக்கிறதா பார் என்றேன். கூடவில்லை. ஆறாம் நாள் படத்தில் வாலின் ஓரத்தில் மெல்லிய புள்ளிக்கோடு போட்டு, ‘இங்கே கண்ணாடி மாதிரி ஏதோ இருக்கு’ என்று எழுதியிருந்தாள். அதுதான் புதுத் துடுப்பு. நிறமில்லாமல்தான் முதலில் வளரும்; நிறம் பிறகு ஏறும். மூன்று வாரத்தில் பழைய அளவில் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

வெட்டுப்பட்ட துடுப்பை மீன் அப்படியே திரும்ப வளர்த்துக்கொள்வது பல ஆய்வகங்களில் பாடமாகியிருக்கிறது. நம் நாட்டு ஓடைகளிலும் நேபாள, வங்கதேச நீர்நிலைகளிலும் வாழும் வரிக்குதிரை மீன், வெட்டிய வால் துடுப்பை இரண்டு வாரம் போல எடுத்து முழுதாக வளர்த்துவிடும். அதன் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை நீக்கினாலும் சுமார் இரண்டு மாதத்தில் மீண்டும் வளர்கிறது என்று 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனித இதயத் தசையால் அது முடியாததால்தான் உலகமெங்கும் ஆய்வகங்களில் இந்தச் சிறு மீன் தொட்டி தொட்டியாக வளர்க்கப்படுகிறது.

வெள்ளைப் புள்ளி

மழைக்காலத்திலும் மார்கழி இரவுகளிலும், புது மீன் வாங்கிவந்த வாரத்திலும் இது வரும். உப்புத் தூவியது போல உடம்பெங்கும் வெண்புள்ளிகள். மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும். காரணம் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. 1876இல் ஃபூக்கே வைத்த பெயர்; ‘பல பிள்ளை பெற்ற மீன்பேன்’ என்று தமிழில் சொல்லலாம். பெயர் பொருத்தமானதுதான். நாம் காணும் புள்ளி, தோலுக்கடியில் தின்று கொழுக்கும் ஒட்டுண்ணி. கொழுத்த பின் அது உதிர்ந்து அடியில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்காகப் பெருகும். கூடு வெடித்து வெளிவரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும்.

மருந்து கொல்வது அந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலரும் தோற்கிறார்கள். மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று மருந்தை நிறுத்துகிறார்கள். புள்ளி மறைந்தது ஒட்டுண்ணி செத்ததால் அல்ல, அடியில் போய்ப் பெருகிக்கொண்டிருப்பதால். அடுத்த வாரம் பல மடங்காகத் திரும்புகிறது. கொசுவை அடித்துவிட்டு, தேங்கிய நீரிலுள்ள புழுவை விட்டுவைத்த கதை. ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும். தினமும் அடிநீரை ரப்பர் குழாயால் இழுத்து வெளியேற்றினால் கூடுகளும் சேர்ந்து போகும். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். நீரில் முழுக்கி நிரப்பி, ஒரு முனையைப் பொத்தித் தாழ்த்தினால் தானே ஓடும். இது எல்லா மீனுக்கும் பரவும் நோய் என்பதால் தனித் தொட்டி பயனில்லை. மொத்தத் தொட்டிக்கும்தான் வைத்தியம். தொட்டியில் தாங்கும் மீன்கள்தான் என்றால் லிட்டருக்கு 2–3 கிராம் உப்பே பல நேரங்களில் போதும். வெப்பநிலை மெல்ல ஏறினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைந்து முடியும். நம் ஊர் வெயில் உதவி செய்யும் ஒரே இடம் இதுதான்.

எல்லா வெள்ளைப் புள்ளியும் நோயல்ல. ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முன்விளிம்பிலும் இனப்பெருக்கக் காலத்தில் வரிசையாக வெண்முத்துகள் தோன்றும். அதற்குப் போய் மருந்து ஊற்றியவர்கள் நிறையப் பேர்.

காயத்தின்மேல் பஞ்சு ஒட்டியது போல வளர்வது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூசணம். உப்புக்கும், கடையில் விற்கும் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்துக்கும் கட்டுப்படும். நீல மருந்தைத் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்துங்கள். ஃபில்டரிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. வாயைச் சுற்றிப் பஞ்சு போல வந்து இரண்டு மூன்று நாளில் வேகமாகப் பரவினால் அது பூசணமல்ல, பாக்டீரியா நோயாக இருக்கலாம். அங்கே நம் கைவைத்தியம் நிற்காது. உடம்பு உருண்டையான கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு தோலுரித்த வேகவைத்த பட்டாணியைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

வயிறு உப்பிச் செதில்கள் தாழம்பழம் போல எழுந்து நின்றால் கதை வேறு. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளே வந்த நீரை வெளியேற்ற முடியாத நிலை அது. மேலே சொன்ன சவ்வூடு பரவல் கணக்கில் மீன் தோற்றுவிட்டது. இதிலிருந்து மீள்வது அரிது. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நான் உள்ளபடியே சொல்லிவிடுவேன்: “இது பொழைக்கிறது கஷ்டம்மா. இருக்கிற வரைக்கும் தண்ணிய நல்லா வச்சுக்க. வெளிச்சத்தக் கொறச்சிடு.” அழுவார்கள். ‘சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பி, மறுநாள் அவர்கள் தனியாகக் கண்டுபிடிப்பதைவிட அது மேல். உயிரோடு இருக்கும் மீனைக் கழிவறையில் கொட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இறந்ததைச் செடியடியில் ஆழமாகப் புதைக்கலாம்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவிவருகிறது. டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இப்படிக் குத்துமதிப்பாகப் போட்டால் நோய்க்கிருமி பாதி சாகும், மீதி எதிர்ப்புத்திறன் பெறும். ஃபில்டர் பாக்டீரியாவும் பலியாகும். அந்த நீர் சாக்கடைக்குப் போகும். கால்நடை மருத்துவரோ மீன்வளத் துறையினரோ சொல்லாமல் கூடாது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும், 1977 முதல் இயங்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அருகிலுள்ள ஆசிரியர்கள் மாணவர்களோடு போய்ச் சந்தேகம் கேட்கலாம். பச்சை நிற மருந்துகளில் சிலவற்றில் மாலகைட் கிரீன் இருக்கும். உண்ணும் மீன்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருள் அது. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

மீனிலிருந்து மனிதருக்கு வரக்கூடிய நோய் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியா கையிலுள்ள வெட்டுக்காயம் வழியே நுழைந்து, ஆறாத சிறு கட்டிகளை உண்டாக்கும். கையில் புண் இருப்பவர் தொட்டியில் கைவிட வேண்டாம்; மற்றவர்கள் வேலை முடிந்ததும் சோப்பால் கழுவட்டும். அப்படிக் கட்டி வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் ஊகிப்பது கடினம்.

தேறிய மீனையும், வளர்த்து அலுத்த மீனையும் ‘பாவம், சுதந்திரமா இருக்கட்டும்’ என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்த இரக்கம்தான் ஆபத்தானது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. ஓர் அடிக்கு மேல் வளரும். உடம்பெல்லாம் எலும்புக் கவசம். இன்று தமிழகத்தின் பல ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிப்பது அதுதான். சந்தையில் அதை வாங்க ஆளில்லை. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், வளர்ப்பவர் ஒருவருக்குக் கொடுக்கலாம். நீர்நிலையில் விடக் கூடாது. மருந்து கலந்த தண்ணீரையும் அப்படித்தான், கிணற்றடியிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம்.

புதிதாக வாங்கும் மீனை நேராகப் பழைய தொட்டியில் விடாமல், அந்தத் தனித் தொட்டியிலேயே இரண்டு முதல் நான்கு வாரம் வைத்திருங்கள். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பையில் பல மணி நேரம் பயணம் செய்து வருபவை அவை. களைப்பில் எந்த நோயும் எளிதில் தொற்றும். பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை ஒன்றான பின் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் வெளியேதான் போக வேண்டும்.

பள்ளியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டு விடுமுறைதான் சோதனை. நான்கைந்து நாள் என்றால் ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் பட்டினியைத் தாங்கும். போகும் அன்று ‘சேர்த்துப் போட்டுவிடுவோம்’ என்று அள்ளிப் போடுவதுதான் கொல்லும். விடுமுறை நீளமானால் இரண்டு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் தீனியைச் சிறு பொட்டலங்களாக மடித்து, தேதி எழுதி, காவலரிடமோ அருகில் வசிக்கும் மாணவரிடமோ கொடுங்கள். தீனி டப்பாவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.